கேட்காத கை, கேட்ட கை

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி எழும். “ஐயா, அவ்வளவு பாடியவர் ஏன் காசு கேட்கவில்லை?” பல ஆண்டுகளாக, “அது அவருடைய பெருந்தன்மை” என்றே விடை சொல்லி வந்தேன். அவ்விடை போதாது என்று இப்போது தோன்றுகிறது.

1815இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூரில் பிறந்தவர் பிள்ளையவர்கள். தலபுராணங்கள் பாடுவதில் அவருக்கு நிகர் எவருமிலர். நான் வசிக்கும் திருவரங்கத் தீவின் கிழக்கே, திருவானைக்காவில் எழுந்தருளியுள்ள அகிலாண்டநாயகி மீது பிள்ளைத்தமிழும் பாடியிருக்கிறார். ஓர் ஊரார் வேண்டினால் புராணம் பிறக்கும். அரங்கேற்றம் முடிந்தபின் அவர்கள் உவந்து அளிப்பதே பெரும்பாலும் பரிசில். மாணாக்கர்க்கோ கட்டணமின்றிப் பாடம்; பலருக்கு உணவும் அவர் இல்லத்திலேயே. வந்தது உடனே செலவாயிற்று. 1876இல் மறையும்வரை கடன் அவரை விட்டு நீங்கவில்லை.

அவர் மறைந்து முப்பதாண்டுகள் ஆவதற்குள் அதே திருச்சியில் வேறொரு காட்சி. 1905ஆம் ஆண்டு. துப்போன் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப் படம் காட்டிக்கொண்டு வந்தவர், திருச்சியில் நோயுற்றார். கருவிகளை விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப எண்ணினார். தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய கோவை இளைஞர் சாமிக்கண்ணு வின்சென்ட் அவற்றை வாங்க முன்வந்தார். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. மாதச் சம்பளம் 25 ரூபாய். கருவிக்கும் படச்சுருள்களுக்குமான விலை 2,250 ரூபாய். அதாவது ஏழரை ஆண்டுச் சம்பளம்!

இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடலாகாது. இதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. புரவலர் ஒருவர் மனமுவந்து அளிக்கும் பெருந்தொகையை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆயிரம் பேர் தரும் சில்லறையை நம்பினார். வேலையை விட்டார், கூடாரம் அடித்தார், இயேசுநாதரின் வாழ்க்கை முதலிய படங்களைக் காட்டினார். இரயில் போகும் ஊர்களுக்கெல்லாம் அவருடைய கூடாரமும் போயிற்று. வடக்கே பெஷாவர் வரையிலும் கிழக்கே பர்மாவிலும் காட்சிகள் நடந்தன. நுழைவுச் சீட்டுக்கு விலை சொல்ல அவர் கூசவில்லை. வந்த பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் இல்லை. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். மின்விசையால் இயங்கும் அச்சகமும் நடத்தினார். பேசும்படம் வந்தபோது தயாரிப்பிலும் இறங்கினார். 1933இல் வெளியான ‘வள்ளி திருமணம்’ பெருவெற்றி பெற்றது. கோவையில் தோன்றிய சென்ட்ரல் ஸ்டுடியோவுக்கு அடித்தளமிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1942இல் மறைந்தார். அவ்வரங்கின் பெயரை அங்கே ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

கவிஞர் ஏமாளி, வணிகர் கெட்டிக்காரர் என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அது அநீதி. பிள்ளையவர்கள் பாடத்துக்கு விலை வைத்திருந்தால், 1871இல் அவரிடம் வந்து சேர்ந்த வறிய இளைஞர் ஒருவர் வாசலிலேயே நின்றிருக்கக்கூடும். அவ்விளைஞர் உ.வே.சாமிநாதையர். நம் கைக்குச் சங்க நூல்கள் வந்து சேர்ந்த வழியில் அந்த இலவசப் பாடமும் ஒரு படி.

அதே சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது என்ன செய்தார்? நூல் அச்சாகி முடியும் முன்பே அன்பர்களிடம் கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டினார். ஆசிரியர் கேட்கத் தயங்கியதை மாணாக்கர் கேட்டார். தமக்காகக் கேட்பதாக அவர் எண்ணவில்லை; நூலுக்காகக் கேட்டார். ஆகவே கூச்சம் அவரைத் தடுக்கவில்லை. கலைக்குப் பொருள் கேட்பது இழிவு என்னும் எண்ணம், வின்சென்டின் கூடாரத்துக்கு முன்பே ஓலைச் சுவடிகளுக்கு நடுவிலேயே உடையத் தொடங்கிவிட்டது.

கொடுப்பதில் பிள்ளையவர்கள் குறை வைக்கவில்லை. அவரைச் சுற்றியிருந்தோரே அவருடைய உழைப்புக்கு ஒரு விலை உண்டென்று உணரத் தவறினார்கள். அவருடைய கடனைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி நாமும் அத்தவற்றைத் தொடர்கிறோம். படம் வரையவும் நாடகம் போடவும் நூல் வெளியிடவும் விரும்பும் என் மாணவர்கள், அதற்குக் கூலி கேட்க வெட்கப்படுவதைக் காண்கிறேன். அந்த வெட்கத்தை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன்.

இவ்வாண்டும் அந்தக் கேள்வி வந்தது. மகாவித்துவானைப் பற்றிச் சொல்லி முடித்தபின், அதே ஊரில் 2,250 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கிய இரயில்வே ஊழியரின் கதையையும் சொன்னேன். முதலாமவரிடம் கொடுக்கவும் இரண்டாமவரிடம் கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன்.