கூழைக்கடாவின் குலமரபு

உயிரினங்களுக்குப் பெயரிடுவது மனிதனின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வட்டமிடும் பருந்தையும், எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் தேடும் கூழைக்கடாவையும் காணும் சிறுவன்கூட, இவை பறவைகள் என்று தயக்கமின்றிக் கூறுவான். இறகும் அலகும் அவனுக்குப் போதுமான அடையாளங்கள். ஆனால் பறவைக் குலம் எங்கிருந்து வந்தது, அதன் நெருங்கிய உறவினர் யாவர் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை காண அறிவியலுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. அவ்வரலாற்றில் நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் விலங்குகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தபோது பறவைகளைத் தனி வகுப்பாக வைத்தார். உறுப்புகளின் ஒற்றுமை வேற்றுமைகளே அவருக்கு அளவுகோல். 1842இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன், மறைந்துபோன பேருருவ விலங்குகள் சிலவற்றுக்கு ‘டைனோசர்’ என்று பெயரிட்டார். பறவைக்கும் இவற்றுக்கும் உறவு இருக்கக்கூடும் என்று அன்று எவரும் எண்ணவில்லை.

1861இல் ஜெர்மனியின் பவேரியாவில் சுண்ணாம்புப் பாறையொன்றிலிருந்து ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்னும் உயிரினத்தின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. அதற்குப் பறவையின் இறகுகள் இருந்தன. ஊர்வனவற்றின் நீண்ட எலும்பு வாலும் இருந்தது. 1868இல் தாமஸ் ஹக்ஸ்லி, அதன் எலும்புகள் சிறிய டைனோசர்களின் எலும்புகளைப் பெரிதும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். எனினும், ஹைல்மன் என்னும் டென்மார்க் அறிஞர் 1926இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பின்னுக்குத் தள்ளியது. ஊன் உண்ணும் டைனோசர்களுக்குக் காறை எலும்பு இல்லை. பறவைகளுக்கோ அது கவட்டை வடிவில் இணைந்திருக்கிறது. ஒருமுறை இழந்த உறுப்பு மீண்டும் தோன்றாது. ஆகவே அவை பறவைகளின் மூதாதையர் அல்ல என்பது அவருடைய வாதம். வாதத்தில் பிழையில்லை; சான்றுதான் முழுமையாகக் கிட்டியிருக்கவில்லை. அத்தகைய டைனோசர்களிடமும் அந்தக் கவட்டை எலும்பு உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

1950இல் ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக் வகைப்பாட்டுக்குப் புதியதோர் இலக்கணம் வகுத்தார். வெறும் சாயலைக் கொண்டு பிரிக்கலாகாது. ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற புதிய பண்புகளைக் கொண்டே உறவை நிறுவ வேண்டும் என்றார் அவர். இராயப்பரின் பெயர் தாங்கிய இராயபுரத்தில் இருவர் முகம் ஒத்திருப்பதால் மட்டும் அவர்கள் உடன்பிறந்தோர் ஆகிவிடுவதில்லை. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோர் பெயரைப் பார்த்தே உறவை உறுதி செய்கிறோம். உயிரினங்களுக்கு எலும்பே பதிவேடு. இந்த முறையில் நோக்கினால், பல்லியைப் போலத் தோன்றும் முதலை, பல்லியைவிடப் பறவைக்கே நெருங்கிய உறவு. முதலையின் இதயத்திலும் பறவையின் இதயத்தைப் போல நான்கு அறைகள் உள்ளன.

அமெரிக்க அறிஞர் ஜான் ஆஸ்ட்ரம் 1969இல் விவரித்த டைனானிக்கஸ் என்னும் டைனோசரின் மணிக்கட்டில், பறவை சிறகை மடக்க உதவும் பிறை வடிவ எலும்பு காணப்பட்டது. 1996இல் சீனாவில் மென்தூவி போர்த்திய டைனோசர் ஒன்று அறிவிக்கப்பட்டது. பறக்க இயலாத உடலில் இறகு எதற்கு? உடலின் வெப்பத்தைக் காக்கவே அது முதலில் தோன்றியிருக்கலாம் என்பர். இன்று பறவைகள் டைனோசர்களின் ஒரு கிளையாகவே வகைப்படுத்தப்படுகின்றன.

இனி நம் மண்ணுக்கு வருவோம். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பேருருவ எலும்புகளை, யாதகிரி, அய்யாசாமி என்னும் புவியியலாளர் இருவர் 1987இல் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டு விவரித்தனர். பெருத்த உடலுடையது என்பது பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். முதலில் ஊன் உண்ணும் இனமாகக் கருதப்பட்ட அது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணிகளின் கிளையில் வைக்கப்பட்டது. ஆனால் அந்த எலும்புகள் சிதைந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை வரைபடங்களும் சில நிழற்படங்களுமே. பதிவேட்டின் ஓர் ஏடு மீட்க முடியாதபடி கிழிந்துபோயிற்று.

அதே கல்லமேட்டிலிருந்து 2013இல் மிகச் சிறியதொரு பல் அறிவிக்கப்பட்டது. அது ட்ரூடான்டிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. டைனோசர்களுள் பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவுடைய குடும்பங்களுள் அதுவும் ஒன்று. பெருவிலங்கின் உறவை உறுதி செய்ய எலும்பில்லாமல் தவிக்கும் ஆய்வாளருக்கு, ஒரு சிறு பல் ஒரு குலத்தையே அடையாளம் காட்டியது.

பரிணாமம் என்றதும் விசுவாசிகள் சிலரிடம் தயக்கம் எழுவதுண்டு. ஆனால் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1996இல் திருப்பீட அறிவியல் கழகத்துக்கு விடுத்த செய்தியில், பரிணாமக் கோட்பாடு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டதாக ஏற்றுக்கொண்டார். படைப்பின் உறவுகளை அறிவது படைத்தவரை மறுப்பதாகாது.

6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் டைனோசர்கள் மறைந்தன என்றே பள்ளியில் படித்தோம். ஒரு கிளை தப்பியது என்பதே இன்றைய பாடம். அந்தக் கிளையின் வாரிசுகள்தாம் எண்ணூர்க் கழியில் இரை தேடுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகுகளில் அது அப்பிக்கொண்டது. எண்ணெய் படிந்த இறகு நீரைத் தடுக்காது, வெப்பத்தையும் காக்காது. கோடானுகோடி ஆண்டுகளாக அந்தக் குலத்தைக் காத்துவந்த போர்வை அன்று பயனற்றுப் போயிற்று.

கல்லமேட்டு எலும்பு நம் கையைவிட்டுப் போய்விட்டது. கழிமுகத்துப் பறவை இன்னும் நம் கண்முன் இருக்கிறது. உறவு முறையை அறிந்தபின், அதைக் காக்கும் கடமையும் நம்மைச் சேர்ந்ததே.