சீட்டில்லாமல் வாங்கிய இளைப்பு மாத்திரைகள்: ஒரு நூறு வருடக் கதை



டாக்டர் சீட்டு இல்லாமல் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற உடம்பு இளைக்கும் மாத்திரையை வாங்கலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டீர்கள். அதில் ஒருத்திக்குத் தை மாதம் கல்யாணம். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் டிப்ளமோ முடித்து, நடுநிலைப் பள்ளியில் வரலாறும் அறிவியலும் மாற்றி மாற்றி நடத்தியவள். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், வரலாற்றுப் பாடமாகவே பதில் சொல்கிறேன். பதிவு நீளம்தான். முழுதாகப் படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். (பாதியில் கை தூக்குகிற பழக்கம் உங்களில் சிலருக்கு இன்னும் போகவில்லை.)

முதல் உலகப் போரில் தொடங்குகிறேன். பிரான்சில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் நிறப் பொடியைப் பயன்படுத்தினார்கள். சுருக்கமாக டி.என்.பி. அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு வியர்வை ஆறாக ஓடியது, காய்ச்சல் அடித்தது, உடம்பு இளைத்தது. சிலர் காய்ச்சல் ஏறிக்கொண்டே போய் இறந்தும் போனார்கள். இது வெடிமருந்து ஆலையின் ஆபத்து என்ற அளவில் அப்போது பதிவானது.

1933-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மருத்துவ ஆய்வாளர்கள் மாரிஸ் டெய்ன்டர், வின்ட்சர் கட்டிங் ஆகியோர் இதே பொடியை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் உடம்பு எடை குறைகிறது என்று எழுதினார்கள். உண்மையாகவே குறைந்தது. வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல்கூட. பட்டினி கிடக்க வேண்டாம், ஓட வேண்டாம்.

எப்படி என்று எட்டாம் வகுப்பு அளவில் சொல்கிறேன். நாம் சாப்பிடுவதை எரித்துக் கிடைக்கும் சக்தியை உடம்பின் செல்கள் சேமித்துவைத்துச் செலவு செய்கின்றன. மோட்டார் போட்டு மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றி, குழாயில் பிடிக்கிறோமே, அது மாதிரி. டி.என்.பி. அந்தத் தொட்டியில் ஓட்டை போடுகிறது. மோட்டார் ஓடுகிறது, கரண்டு செலவாகிறது, குழாயில் தண்ணீர் வருவதில்லை. வீணாகும் சக்தியெல்லாம் சூடாக மாறுகிறது. கொழுப்பு கரைகிறது, உடம்பு கொதிக்கிறது. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். ஓட்டை கொஞ்சம் பெரிதானால் சூட்டை நிறுத்த வழியில்லை. இதற்கு மாற்று மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

டாக்டரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்திருந்தார்கள். வியாபாரிகளுக்கு அந்த வரி கண்ணில் படவில்லை. டி.என்.பி. கலந்த மாத்திரைகள் சீட்டில்லாமல் கடைகளுக்கு வந்துவிட்டன. ஒன்றேகால் வருடத்துக்குள் அமெரிக்காவில் குறைந்தது 1,00,000 பேராவது இதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்று டெய்ன்டரே கணக்குப் போட்டார்.

1935 முதல் கண் டாக்டர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். இளம் பெண்களுக்குக் கண்புரை. வயதானவர்களுக்கு வருகிற நோய் இவர்களுக்கு ஏன் என்று விசாரித்தால் எல்லோரும் சொன்னது ஒரே பதில்: இளைக்க மாத்திரை சாப்பிட்டேன். இன்று புரை வந்தால் காலையில் போய் லென்ஸ் வைத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இல் முதன்முதலில் செய்தது. 1935-இல் அதெல்லாம் கிடையாது. ஆபரேஷன் ஆனாலும் ஆயுள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடிதான். அழகாக இருக்க வேண்டும் என்று மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு இந்த கதி.

அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். இந்த இடம்தான் நான் வகுப்பில் நின்று நிதானமாக நடத்த ஆசைப்படும் இடம்.

அமெரிக்காவில் 1906-இலேயே உணவு, மருந்துச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டப்படி மருந்து என்றால் நோயைக் குணப்படுத்த, தணிக்க, தடுக்கக் கொடுப்பது. உடல் பருமன் நோய் அல்ல என்பது அன்றைய கணக்கு. நோய் இல்லையென்றால் அதற்கான மாத்திரை சட்டத்தின் பார்வையில் மருந்தும் இல்லை. கண் போனாலும் உயிர் போனாலும், உணவு மருந்து நிர்வாகம் தொட முடியாது. ஒரு வார்த்தைக்கு என்ன பொருள் என்பதில் இத்தனை பேர் தலையெழுத்து இருந்திருக்கிறது.

இதற்கு முன்பே மார்மோலா என்ற மாத்திரை அங்கே பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஆடுமாடுகளின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்ததும், கடல்பாசியும், பேதி மருந்தும் இருந்தன. தைராய்டு சரியாக இருக்கிறவருக்கு மேலும் தைராய்டு கொடுத்தால் எடை இறங்கும்தான். கூடவே இதயம் படபடக்கும், தசையும் கரையும். வாணிப ஆணையம் அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவிட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1931-இல் ஆணையம் தோற்றது. காரணத்தைக் கேளுங்கள்: விளம்பரத்தால் மக்கள் ஏமாறலாம், ஆனால் போட்டி வியாபாரிகளுக்கு நஷ்டம் என்று நிரூபிக்கவில்லையாம்! சட்டம் காப்பாற்ற வந்தது வியாபாரியை வியாபாரியிடமிருந்து. சாப்பிட்டவள் கணக்கிலேயே வரவில்லை.

(ஒரு இடைச்செருகல். நம் குடும்பத்தில் பாதிப் பெண்கள் காலையில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். இதைப் படித்துவிட்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள். சுரப்பி குறைவாகச் சுரக்கிறவருக்கு, ரத்தம் பரிசோதித்து, அளவு பார்த்துக் கொடுப்பது அது.)

1937-இல் வேறொரு மருந்தால் அமெரிக்காவே அதிர்ந்தது. சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சில் கரைத்து இனிப்பு மருந்தாக விற்றார்கள். 100 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் நிறைய குழந்தைகள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்தார்களே, அதிலும் இதே நஞ்சுதான். 1938 ஜூனில் ரூஸ்வெல்ட் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நோய்க்குக் கொடுப்பது மட்டுமல்ல, உடம்பின் அமைப்பையோ இயக்கத்தையோ மாற்றக் கொடுப்பதும் இனி மருந்துதான் என்று பொருளை விரித்தார்கள். விற்பதற்கு முன்னால் பாதுகாப்பானது என்று தயாரிப்பவர் காட்ட வேண்டும். டி.என்.பி. கடையை விட்டுப் போனது.

பூமியை விட்டுப் போகவில்லை. இணையத்தில் இன்றும் ரகசியமாக விற்கிறார்கள். உடற்பயிற்சிக்கூடப் பையன்களும், எடை பற்றிய மனக்கவலையில் இருக்கும் பெண்களும் வாங்கி இறந்திருக்கிறார்கள். பிரிட்டன் 2023-இல் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட விஷங்களின் பட்டியலில் சேர்த்தது.

அடுத்து வந்தது பசியை அடக்கும் மாத்திரை. ஃபினைல்புரொப்பனோலமைன் என்று பெயர். (டிக்டேஷன் போட மாட்டேன், பயப்படாதீர்கள்.) மூக்கடைப்புக்கு சளி மாத்திரையிலும் இதே மருந்து, பசி அடங்க டெக்ஸாட்ரிம் போன்ற மாத்திரைகளிலும் இதே மருந்து. அமெரிக்காவில் 1970களின் கடைசியிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் சீட்டில்லாமல் விற்றது. இளம் பெண்களுக்கு மூளையில் ரத்தக் கசிவு வருவதாக அங்கங்கே டாக்டர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தயாரிப்பாளர்களே பணம் போட்டு, யேல் பல்கலைக்கழகம் ஆய்வு செய்தது. மூளையில் ரத்தம் கசிந்த 702 பேரையும், அப்படி இல்லாத 1,376 பேரையும் ஒப்பிட்டார்கள். எடை குறைக்க இதைச் சாப்பிட்ட பெண்களுக்கு ஆபத்து சுமார் 16 மடங்கு என்று வந்தது.

இங்கே கணக்கில் ஏமாறக் கூடாது. 16 மடங்கு என்றால் சாப்பிட்டவர் எல்லோரும் விழுந்தார்கள் என்று அர்த்தமில்லை. அந்த வயதில் மூளைக் கசிவே அபூர்வம். பசி அடக்க இதைச் சாப்பிட்டவர்கள் 702 பேரில் 6 பேர், 1,376 பேரில் ஒரே ஒருவர். எண்ணிக்கை சின்னது, முடிவு செல்லாது என்று கம்பெனிகள் வாதாடின. ஆனால் லட்சக்கணக்கானோர் சாப்பிடும்போது அபூர்வம்கூட நிறைய ஆகிவிடும். 18 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் வருடத்துக்கு 200 முதல் 500 மூளைக் கசிவுகள் இதனால் வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிட்டு, 2000 நவம்பரில் விற்பனையை நிறுத்தச் சொன்னது. நாலைந்து கிலோவுக்காக முப்பது வயதில் பக்கவாதம் வரும் வாய்ப்பை, அது எவ்வளவு சின்ன வாய்ப்பாக இருந்தாலும், யாராவது தெரிந்தே எடுப்பார்களா? அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். நம் நாட்டில் இது சளி மாத்திரைகளில் இருந்தது. அரசு 2011 பிப்ரவரியில்தான் தடை அறிவித்தது.

அதே 2011 பிப்ரவரியில் தடையான இன்னொன்று சிபுட்ரமின். இது டாக்டர் சீட்டில் வந்த மருந்து. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று பெரிய ஆய்வு ஒன்றில் தெரிந்ததும் 2010-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கைவிட்டன. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், தடைக்குப் பிறகு இது காணாமல் போகவில்லை. மூலிகை, இயற்கை, பக்கவிளைவு இல்லாதது என்று எழுதிய புட்டிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அமெரிக்க நிர்வாகம் பரிசோதித்த இளைப்பு மாத்திரைகளில் திரும்பத் திரும்ப இது அகப்பட்டிருக்கிறது. லேபிளில் இலை படம், உள்ளே சிபுட்ரமின். மூலிகை மாத்திரை சாப்பிட்டு ஒரே வாரத்தில் பசியே போய்விட்டது, ராத்திரி தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் இதுதான்.

கேள்வி கேட்டவர்களில் ஒருவர் அனுப்பியது கார்சினியா கம்போஜியா. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மலைக்காதீர்கள். அது நம் குடம்புளி. கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் மீன் குழம்புக்குப் போடுவது. அதன் தோலில் உள்ள அமிலம் கொழுப்பு சேர்வதைத் தடுக்கும் என்பது விளம்பரம். 1998-இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்தச் சாறு, பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. சாறு சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம், மாத்திரையால் லாபமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாறு சேர்ந்த மாத்திரைகளைச் சாப்பிட்டு ஈரல் கெட்டுப்போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடுங்கள், அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது 1906-க்குத் திரும்பிப் போங்கள். அன்று பருமன் நோயில்லை, அதனால் மாத்திரை மருந்தில்லை. இன்று மாத்திரையின் பெயர் உணவுச் சேர்க்கை, அதனால் அது மருந்தில்லை. அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டப்படி இவற்றை விற்கும் முன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. எஃபெட்ரா என்ற செடியிலிருந்து செய்த இளைப்பு மாத்திரையைத் தடுக்க, அது கெடுதல் என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2004-இல்தான் முடிந்தது. நம் ஊர் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்று போட்டு 14 இலக்க எண் இருக்கும். அது உணவு தயாரிக்கும் உரிமத்தின் எண். கடலை மிட்டாய் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண்தான். எடை குறையும் என்று யாரோ சோதித்துப் பார்த்துக் கொடுத்த சான்று இல்லை அது.

அப்படியானால் உருப்படியாக ஒன்றுகூட இல்லையா? ஆர்லிஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 60 மில்லிகிராம் மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க 2007-இல் அனுமதித்தார்கள். நம் நாட்டில் டாக்டர் சீட்டு வேண்டும். இது மூளையையும் இதயத்தையும் தொடுவதில்லை. குடலிலேயே நின்று, சாப்பாட்டுக் கொழுப்பில் சுமார் கால் பங்கு செரிக்காமல் வெளியே போகச் செய்கிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டு இதைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனால் அவசரமாக ஓட வேண்டியிருக்கும், துணியும் பாழாகும். இதற்கு மேல் விளக்க மாட்டேன், பெரியவர்களும் படிக்கிற பதிவு.

பலன்? ஸ்வீடனில் 3,300 பேருக்கு மேல் நான்கு வருடம் வைத்துப் பார்த்தார்கள், அதுவும் 120 மில்லிகிராம் அளவில். மாத்திரைக்காரர்கள் 5.8 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரையோடு உணவுக் கட்டுப்பாடும் நடையும் மட்டும் செய்தவர்கள் 3 கிலோ. நான்கு வருடம், தினம் மூன்று வேளை மாத்திரைக்குக் கிடைத்த கூடுதல் லாபம் 2.8 கிலோ. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்து, டாக்டரே எழுதிக் கொடுத்தால் அந்த 2.8-க்கும் மதிப்புண்டு. தை மாதக் கல்யாணத்துக்குப் புடவை அழகாக நிற்பதற்கு என்றால் இல்லை. அதற்கு பிளவுஸ் தைக்கிறவரிடம் சொன்னால் போதும்.

இப்போது எல்லோரும் பேசுகிற ஊசி பற்றிக் கேட்காதீர்கள். அது டாக்டர் பார்த்துத் தருகிற மருந்து, தனிப் பாடம்.

ஏற்கெனவே ஆர்லிஸ்டாட் எழுதிக் கொடுத்திருப்பவர்களுக்கு ஒன்று. அது ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வதைக் குறைக்கும், தனியாக வைட்டமின் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.