கொசைனர் பகுப்பாய்வு

கொசைனர் பகுப்பாய்வு என்பது உயிரினங்களின் உடலில் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மீளும் நாள்சார் இசைவுகளை அளவிடப் பயன்படும் புள்ளியியல் முறை ஆகும். உருமேனியாவில் பிறந்த அமெரிக்க அறிவியலாளர் பிரான்சு ஆல்பெர்க்கு (1919–2013) தம் குழுவினருடன் இதனை உருவாக்கினார். இவ்விசைவுகளைக் குறிக்கும் 'சர்க்காடியன்' என்ற சொல்லை 1959 இல் ஆக்கியவரும் இவரே.

முறை

உடல் வெப்பநிலை, குருதி அழுத்தம் போன்றவை நாள் முழுவதும் பலமுறை அளக்கப்படுகின்றன. அவ்வளவீடுகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் கொசைன் அலை, மீச்சிறு வர்க்க முறையில் கணினி கொண்டு கண்டறியப்படுகிறது. அதிலிருந்து மூன்று அளவுகள் பெறப்படுகின்றன:

* மெசோர் – அலையின் நடுமட்டம்
* வீச்சு – நடுமட்டத்திலிருந்து உச்சம் வரையான உயரம்
* உச்ச வேளை – அலை உச்சத்தை அடையும் நேரம்

அளவீடுகளுக்கு இடையேயான கால இடைவெளி சமமாக இல்லாவிடினும் இம்முறையைப் பயன்படுத்தலாம்.

மருத்துவப் பயன்

நலமுள்ளோரில் உறக்கத்தின்போது குருதி அழுத்தம் பொதுவாக 10% அல்லது அதற்கு மேல் குறையும். அவ்வாறு குறையாதோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் இடர் மிகுதி. பகலில் ஒருமுறை மட்டும் அளந்தால் இது புலப்படாது. 24 மணிநேர அளவீடுகளுக்குப் பொருத்தப்படும் அலையில், வீச்சுக் குறைவாகவோ உச்ச வேளை இடம்பெயர்ந்தோ இருப்பது இதனைக் காட்டும்.

குறைபாடு

எல்லா இசைவுகளும் கொசைன் வடிவில் அமைவதில்லை. எனவே மரபணுச் செயற்பாட்டை ஆராய, அளவுகளின் தரவரிசையை ஒப்பிடும் ஜேடிகே சைக்கிள் (2010) போன்ற மென்பொருள்களும் பயன்படுத்தப்படுகின்றன.