5 டாலர் டிக்கெட்: ஒரு பங்க் இசைக்குழுவின் அரசியல்

"பங்க்" என்றால் நமக்கெல்லாம் பெட்ரோல் பங்க்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். விடுதியில் அறைத்தோழன் ஒருநாள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு "இதைக் கேளுடா" என்றான். முக்கால் நிமிடத்தில் பாட்டு முடிந்துவிட்டது. என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. யாரோ ரொம்பக் கோபமாக இருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது :-)

அந்தக் கோபம் எதன் மேல் என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை. பாட்டைவிட அந்தப் பையன்கள் வரவு செலவு பார்த்த விதம்தான் என்னை உட்காரவைத்தது. ஒரு இசைக்குழுவின் அரசியலை அதன் பாட்டு வரிகளில் தேடுவதுதான் வழக்கம். நான் டிக்கெட் விலையில் தேடப்போகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆண்டு 1980. இடம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். 1970களின் நடுவில் கிளம்பிய பங்க் இசையை அமெரிக்கப் பையன்கள் எடுத்து இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, இன்னும் முரட்டுத்தனமாக வாசிக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயர் ஹார்ட்கோர் பங்க். வாஷிங்டனில் இதற்கு வழிகாட்டியவர்கள் 'பேட் பிரெய்ன்ஸ்' என்ற கறுப்பின இளைஞர்களின் குழு. (இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, பின்னால் வரும்.) அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரப் பையன்களில் இருவர் இயன் மெக்காய், ஜெஃப் நெல்சன். இருவரும் 'டீன் ஐடில்ஸ்' என்ற குழுவில் வாசித்தார்கள். ஒரு வருடத்தில் குழு கலைந்தது.

கலையும்போது பெட்டியில் சுமார் 600 டாலர் இருந்தது. கச்சேரிகளில் கிடைத்ததைப் பங்கு போடாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். நாமாக இருந்தால் பிரித்துக்கொண்டு போயிருப்போம், அல்லது ஒரு விருந்து. இவர்கள் அந்தக் காசில் தங்கள் பாடல்களை ரெக்கார்டாகப் போட்டார்கள். 1000 பிரதிகள். வெளியிட ஒரு கம்பெனி வேண்டுமே? தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: டிஸ்கார்ட். ரெக்கார்ட் போடும் அட்டை உறையை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. கடையில் வாங்கிய ஒரு இசைத்தட்டின் உறையைப் பிரித்து, விரித்து, அதையே மாதிரியாக வைத்து அச்சடித்தார்கள். பிறகு நண்பர்கள் கூடி உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ஆயிரம் உறையும் கையால்!

இதைப் படித்தபோது எனக்கு சி.சு. செல்லப்பா ஞாபகம் வந்தார். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைச் சொந்த முயற்சியில் தொடங்கியவர். புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். வாஷிங்டன் பையன்களுக்கும் வத்தலக்குண்டுக்காரருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் "பெரிய பத்திரிகை போடாவிட்டால் என்ன, நானே போடுகிறேன்" என்கிற பிடிவாதம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இதற்கு 'டூ இட் யுவர்செல்ஃப்' என்று பெயர். நம்மூரில் சிறுபத்திரிகைக்காரர்கள் பெயர் வைக்காமலே செய்துகொண்டிருந்தார்கள்.

மெக்காயும் நெல்சனும் அடுத்துத் தொடங்கிய குழுதான் 'மைனர் த்ரெட்'. 1980 முதல் 1983 வரை மூன்றே வருடம். நான் முதலில் கேட்ட முக்கால் நிமிடப் பாட்டு இவர்களுடையது. பாட்டின் பெயர் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்'. விஷயம் ரொம்பச் சாதாரணம்: நான் குடிக்கமாட்டேன், போதை எடுக்கமாட்டேன், தெளிந்த மூளையோடு இருப்பேன். ராக் இசைக்காரன் என்றாலே போதை என்றிருந்த காலத்தில் இது தலைகீழ்ப் புரட்சி. பாருக்குள் வரும் சிறுவர்களுக்கு மது கொடுத்துவிடக்கூடாது என்று கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போடும் வழக்கத்தை இந்தப் பையன்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் பார்த்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். "குறி போட்டு எங்களை உள்ளே விடுங்கள், நாங்கள் பாட்டுக் கேட்கத்தான் வருகிறோம்" என்பது அவர்கள் வாதம். நாளடைவில் அந்தக் குறியே பெருமைக்குரிய அடையாளமாகிவிட்டது.

இங்கே எனக்கு ஒரு உள்ளூர்ச் சங்கதி சொல்ல ஆசை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது முதலில் எடுத்துக்கொண்டது சேலம் மாவட்டத்தை. எங்கள் கொல்லிமலை அன்று அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது (நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்). ஆக, "குடிக்காதே" என்பது எங்களுக்கு மேலேயிருந்து இறங்கிவந்த உத்தரவு. மெக்காய் சொன்னது "நான் குடிக்கவில்லை" என்பது மட்டும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஆனால் கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா? அதை ஒரு சட்டமாக்கினார்கள். 1983இல் வந்த 'அவுட் ஆஃப் ஸ்டெப்' தட்டில் மெக்காய் பாட்டின் நடுவே, இது யாருக்கும் போடும் விதி இல்லை என்று பேச்சாகவே சொல்லவேண்டி வந்தது. பிரயோஜனமில்லை. 1990களில் சில ஊர்களில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் பெயரைச் சொல்லிக் குடிப்பவர்களையும் புகைப்பவர்களையும் அடிக்கும் கும்பல்கள் கிளம்பின. உணவிலும் பானத்திலும் சுத்தம் பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மைனர் த்ரெட்டின் இன்னொரு பாட்டில்தான் எனக்குப் பெரிய சண்டை. அதன் தலைப்பின் பொருள், வெள்ளையனாக இருக்கும் குற்றம். மெக்காய் படித்த பள்ளியில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். அங்கே அவர் வெள்ளையர் என்பதற்காக அடிவாங்கியிருக்கிறார். என் பிறப்புக்கு நூறாண்டு முன் நடந்த அடிமைமுறைக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று பாட்டு கேட்கிறது. இது இனவெறிக்கு எதிரான பாட்டு என்று அவர் பலமுறை விளக்கியிருக்கிறார். அவர் மனசாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை நான் வேறு குரலில் கேட்டிருக்கிறேன். "எங்க தாத்தா பண்ணதுக்கு நான் ஏன்டா சீட்டை விட்டுக்கொடுக்கணும்?" பழங்குடிச் சான்றிதழோடு கல்லூரிக்கு வந்த யாருக்கும் இந்தக் குரல் பழக்கமானதே. கேட்கிறவன் கெட்டவனாக இருக்கவேண்டியதில்லை, என் நண்பனாகவே இருக்கலாம். அவன் தாத்தாவின் குற்றத்தை யாரும் அவன் தலையில் கட்டவில்லை. தாத்தா விட்டுப்போன வசதி அவனிடம் இருக்கிறது என்பதுதான் பேச்சு. 18, 19 வயதில் மெக்காய்க்கு இது பிடிபடவில்லை. பேட் பிரெய்ன்ஸிடம் இசை கற்ற பையன் இதையும் அவர்களிடமே கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமே ஒரு குழு இருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. பெயர், அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. அவர்கள் இட ஒதுக்கீட்டைப் பற்றியே ஒரு பாட்டு போட்டார்கள். கானா, ராப், ராக் எல்லாம் கலந்த இசை, பங்க் இல்லை. ஆனால் மெக்காய் கேட்ட கேள்விக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பதில் வேண்டுமென்றால் அங்கே கிடைக்கும். (அந்தக் குழுவைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். பரீட்சை முடியட்டும்.)

மைனர் த்ரெட் 1983இல் கலைந்தது. 1985 வாக்கில் வாஷிங்டன் பங்க் உலகம் கொஞ்சம் வளர்ந்து, அரசியல் பேச ஆரம்பித்தது. தென்னாப்பிரிக்க இனஒதுக்கலை எதிர்த்து அந்நாட்டுத் தூதரகத்துக்கு வெளியே கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிச் சத்தம் எழுப்பிப் போராடினார்கள். 'பாசிட்டிவ் ஃபோர்ஸ்' என்ற அமைப்பு பிறந்தது. 1987 செப்டம்பர் 3 அன்று மெக்காயின் அடுத்த குழு முதல் கச்சேரி செய்தது. அதுதான் ஃபுகாசி. கை பிச்சியோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கேண்டி மற்ற மூவர். இசையில் வேகம் குறைந்து ஆழம் கூடியிருந்தது. என் ஓட்டு இவர்களுக்குத்தான்.

ஃபுகாசியின் கச்சேரி டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். 1990இல் அது நம் பணத்தில் 90 ரூபாய்க்குள். எந்த வயதினரும் வரலாம். இந்த இரண்டையும் சொல்வது சுலபம், நடத்துவதுதான் கஷ்டம். மதுவிற்பனையை நம்பி நடக்கும் அரங்குகள் சிறுவர்களை விடாது. அதனால் தேவாலய மண்டபம், பள்ளி அரங்கம் என்று தேடவேண்டும். விலை குறைவு என்றால் செலவும் குறையவேண்டும். ஆகவே மேனேஜர் கிடையாது. கச்சேரிகளை ஏற்பாடு செய்வதும் அவர்களே. சொந்த வேனில் பயணம், ஆரம்ப வருடங்களில் தெரிந்தவர் வீட்டுத் தரையில் தூக்கம். சட்டை, தொப்பி எதுவும் அச்சடித்து விற்கவில்லை. ("இது ஃபுகாசி சட்டை அல்ல" என்று அச்சடித்து வேறு யாரோ விற்றுக் காசு பார்த்தார்கள். வியாபாரிக்கு வழி தெரியாதா என்ன!) மது, சிகரெட் விளம்பரம் போடும் பெரிய பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுக்கவில்லை. சொந்த ஊரான வாஷிங்டனில் வாசித்தால் அது யாருக்காவது நிதி திரட்டும் கச்சேரி, அல்லது போராட்டம், அல்லது இலவசம்.

தட்டுகளின் பின்பக்கம் விலையையே அச்சடித்தார்கள், கடைக்காரர் கூட்டி விற்கக்கூடாது என்பதற்காக. டிஸ்கார்டுக்கும் குழுக்களுக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லை. செலவு போக லாபத்தில் பாதிப் பாதி.

இது எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்றால், எங்கள் ஊர் சந்தையைப் பார்த்து வளர்ந்தவன் நான். சோளக்காடு சந்தைக்குப் பலாவும் வாழையும் மிளகும் சுமந்து வருகிறவர் விலை சொல்வதில்லை. வாங்கி லாரியில் ஏற்றுகிறவர்தான் சொல்வார். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கினதும் விலை வேறு. பொருளை உண்டாக்கினவன் தானே விலை வைப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். மலையில் கேட்டுப் பாருங்கள்.

1991இல் நிர்வாணா குழுவின் வெற்றிக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பங்க் குழுக்களைத் தேடி அலைந்தன. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸை நிறுவிய அஹ்மத் எர்டகன் தாமே நேரில் வந்து ஃபுகாசியிடம் பேசினார். மறுத்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் பேசப்பட்டதாகக் கதைகள் உண்டு, எனக்கு அந்தத் தொகைகளில் அக்கறையில்லை. கம்பெனியில் சேர்ந்தால் 5 டாலர் டிக்கெட் இருக்காது. அவ்வளவுதான் கணக்கு.

அதே 1991 ஜனவரி 12. வளைகுடாப் போர் தொடங்க ஐந்து நாள்கூட இல்லை. வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள லாஃபயெட் பூங்காவில், குளிரில், போரையும் நகரத்தில் வீடில்லாதவர்களின் நிலையையும் முன்வைத்து ஃபுகாசி இலவசமாக வாசித்தது. போர் நிற்கவில்லை. அது நிற்கும் என்று யாரும் நினைத்திருக்கவும் மாட்டார்கள்.

குறை சொல்லாமல் விட்டால் ரசிகர் மன்றக் கட்டுரை ஆகிவிடும். இப்படி வாழ முடிந்ததற்கு அவர்களுடைய நடுத்தர வர்க்கப் பின்னணியும் ஒரு காரணம். மெக்காயின் தந்தை 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் எழுதியவர். விழுந்தால் தாங்க ஒரு வீடு இருக்கிறவனுக்கு "வேண்டாம்" என்று சொல்வது எளிது. சினிமாவில் வாய்ப்பு வந்தால் ஓடிப்போகும் நம்மூர் கானாப் பாடகரை இந்த அளவுகோலால் அளப்பது அநியாயம். அதேசமயம், வசதி இருந்த எத்தனையோ பேர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதும் உண்மைதானே?

கச்சேரிகளில் கூட்டம் முட்டிமோதி ஆடும்போது அடிபடுவது பெரும்பாலும் சிறுவர்களும் பெண்களும். பெண்கள் தெருவில் படும் தொல்லையைப் பற்றிப் பாடிய குழு தன் எதிரிலேயே அதை விடமுடியாது அல்லவா? மெக்காய் பாட்டைப் பாதியில் நிறுத்துவார். அடிக்கிற ஆளைச் சுட்டிக்காட்டி, மரியாதையாகவே, நிறுத்தச் சொல்வார். கேட்கவில்லையென்றால் ஒரு கவர் வரும். உள்ளே 5 டாலர். உங்கள் காசு இதோ, வெளியே போகலாம். இதற்காகவே கவர்கள் தயாராக வைத்திருந்தார்களாம்.

கடைசிக் கச்சேரிகள் 2002 நவம்பரில் லண்டனில். அதன்பிறகு குழு ஓய்வுக்குப் போனது. டிஸ்கார்ட் இன்றும் நடக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் எண்ணூறுக்கும் மேல் ஒலிப்பதிவாகக் கையில் இருந்ததால், 2011 முதல் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொன்ன விலை 5 டாலர். ஆனால் 1 முதல் 100 டாலர் வரை கேட்பவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று வைத்தார்கள். பாட்டுக்கு நடுவே பேசியதை வெட்டவில்லை. தேடிக் கேட்டால், பாட்டு நின்று, கித்தார் இரைச்சல் அடங்கி, மெக்காய் யாரோ ஒருவனைக் கூப்பிட்டு நிதானமாகக் கண்டிப்பதும் கூட்டம் சிரிப்பதும் கேட்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு.