நிரல் மாற்றங்களைப் பதியும் கருவிகள்: எஸ்.சி.சி.எஸ். முதல் கிட் வரை, தமிழ்க் கோப்புகளை முன்வைத்து

முன்னுரை

எந்த மென்பொருளும் ஒரே மூச்சில் எழுதி முடிக்கப்படுவதில்லை. பலர் பல ஆண்டுகள் திருத்தி வளர்ப்பது அது. எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கருவிகளுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. மாற்றத்தைச் சேமிப்பதில் இக்கருவிகள் தேர்ந்துவிட்டன. மாற்றத்தைப் புரிந்துகொள்வதிலோ பெரும்பாலும் வரியையும் பைட்டையும் தாண்டவில்லை. தமிழ்க் கோப்புகளில் இந்த இடைவெளி வெளிப்படையாகத் தெரிகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஒரே கணினிக்குள்

பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972இல் எஸ்.சி.சி.எஸ். கருவியை உருவாக்கினார், 1975இல் அதை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதே ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய், ஜேம்ஸ் ஹன்ட்டுடன் சேர்ந்து டிஃப் கருவியின் வழிமுறையை 1976இல் விளக்கினார். இரு கோப்புகளுக்கும் பொதுவான வரிகளின் மிக நீண்ட வரிசையை டிஃப் கண்டறியும். எஞ்சியவற்றை நீக்கியவை, சேர்த்தவை எனக் காட்டும். இன்றைய கருவிகளும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

பர்டூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிக்கி 1982இல் ஆர்.சி.எஸ். கருவியைத் தந்தார். அதில் கடைசிப் பதிப்பு முழுமையாக இருக்கும். பழையவை பின்னோக்கிய வேறுபாடுகளாக இருக்கும். பெரும்பாலும் தேவைப்படுவது கடைசிப் பதிப்பே என்பதால் அது உடனே கிடைத்தது. 1985இல் லாரி வாலின் பேட்ச் கருவி வந்தது. டிஃப் வெளியீட்டை மட்டும் அனுப்பினால் போதும், எதிர்முனையில் இருப்பவர் அதைத் தம் கோப்பில் பொருத்திக்கொள்ளலாம் என்றானது. முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து நிரல் எழுத இதுவே வழி திறந்தது.

வலையமைப்பிலிருந்து பரவல் முறைக்கு

டிக் க்ரூன் 1986இல் தொடங்கிய சி.வி.எஸ்., ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய இடமளித்தது. அதன் குறைகளைக் களைய 2000இல் தொடங்கப்பட்ட சப்வெர்சன், 2004இல் 1.0 பதிப்பை எட்டியது. திறமூல மேசைத்தளமான கே.டி.ஈ. திட்டம் 2005 மே மாதம் அதற்கு மாறியபோது தமிழ் உள்ளிட்ட மொழிபெயர்ப்புக் கோப்புகளும் உடன் சென்றன.

அதற்குச் சற்று முன்பு, லினக்ஸ் கருநிரல் குழுவுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த பிட்கீப்பர் என்ற பதிப்புக் கருவி கைவிட்டுப் போனது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். கிட்டில் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்ணே அடையாளம். ஒரு பைட் மாறினாலும் அடையாளம் மாறிவிடும்.

தமிழ் எழுத்தும் டிஃப்பும்

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. எழிலும் தமிழ் உரையைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நிரலகமும் பின்னர் கிட்ஹப்பில் திறமூலமாக வளர்ந்தன. தமிழிலேயே நிரலும் மாறிப்பெயரும் எழுதும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்துடன் ஓகாரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும், ககரம், இரட்டைச் சுழி, கால் என மூன்று குறியீடுகளாகவும் பதியலாம். யூடிஎஃப்-8இல் முன்னது 6 பைட், பின்னது 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தான் 3 மாறிப்பெயர்களை இயல்பாக்கிப் படிப்பதால் நிரல் ஒரே மாதிரி ஓடும். கிட் மட்டும் வரி மாறிவிட்டதாகக் காட்டும். கோப்புப் பெயர் தமிழில் இருந்தாலோ, அதை இயல்பிருப்பாக எட்டடிமான (octal) எண்களாகவே அச்சிடும்: ககரம் \340\256\225 ஆகிவிடும்.

ஓப்பன்-தமிழ் நிரலகம் சொல்லைப் பைட்டுகளாகப் பார்க்காமல் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. எழுத்து அளவில் ஒப்பிடும் தமிழ் டிஃப் ஒன்றைக் கட்ட இது போதுமான அடித்தளம்.

முடிவுரை

சேமிப்பின் சிக்கல் 2005இலேயே பெருமளவு தீர்ந்தது. புரிதலின் சிக்கலை அந்தந்த மொழி அறிந்தவர்கள்தான் தீர்க்க வேண்டும். கணினி படிக்கும் தமிழ் மாணவர்கள் எழுத்து அளவில் ஒப்பிடும் டிஃப்பை இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். கமிட்டுக்கு (மாற்றத்தைப் பதிவதற்கு) முன் ஓடும் ஹுக் நிரலில், குறிகளை ஒன்றுசேர்க்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவுக்குக் கோப்பை இயல்பாக்குங்கள், மாற்றத்தின் காரணத்தைக் கமிட் குறிப்பில் தமிழிலேயே எழுதுங்கள். காரணத்தை எழுதிவைக்கும் கடமையை எந்தக் கருவியும் நமக்காக ஏற்காது.