முரசு நாட்டு முன்னோர்

ஓசூர்க் குன்றின்மேல் மரகதாம்பிகையுடன் எழுந்தருளியுள்ள சந்திரசூடேசுவரப் பெருமான் திருக்கோயில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் நிலத்தில் அமைந்தது. தேர்த் திருநாளில் வடம் பிடிப்போர் மூன்று மொழியாலும் பெருமானை அழைப்பர். புதிய ஊர் எனப் பொருள்படும் ஓசூர் என்னும் பெயரே கன்னடச் சொல்தான். கல்வெட்டுகளில் இதன் பழம்பெயர் செவிடபாடி. இதனைச் சூழ்ந்த நாடு முரசு நாடு. போசள மன்னன் இராமநாதன் குந்தாணியில் இருந்து ஆண்ட 13ஆம் நூற்றாண்டிலேயே அப்பெயர் வழக்கில் இருந்தது. கன்னடர் நாவில் அது மொரசு நாடு ஆயிற்று.

அந்நாட்டின் பெயரையே குலப்பெயராகக் கொண்ட வேளாண் மக்கள் மொரசு ஒக்கலிகர் எனப்படுவர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் கோலார், பெங்களூர்ப் பகுதிகளிலும் அவர்கள் பரவியுள்ளனர். வீட்டில் பேசுவது கன்னடம். சிலர் பேசுவது தெலுங்கு. ஆயினும் முன்னோர் யாண்டிருந்து வந்தனர் என்று வினவினால், அவர்தம் மரபு காட்டும் ஊர் தொண்டைமண்டலத்துக் காஞ்சி! மொழியைக் கொண்டு ஒருவரை வந்தேறி என்றும் மற்றவரைப் பூர்வகுடி என்றும் பிரித்துப் பேசுவோர் சற்றே நின்று எண்ணுதற்கு உரிய செய்தி இது.

அவ்வரலாற்றை மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளைத் தொகுத்த லூயிஸ் ரைஸ் என்னும் அறிஞர் எழுதி வைத்துள்ளார். 14ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, உழவர் எழுவர் தத்தம் குடும்பங்களோடு வண்டி கட்டிக் காஞ்சியை விட்டுப் புறப்பட்டனர். அவருள் தலைவன் ரணபைரே கௌடன். அவன் மகளை வலிமைமிக்க குறுநிலத் தலைவன் ஒருவன் மணம் பேச, அதற்கு இசையாத குடியினர் இரவோடிரவாக ஊரைத் துறந்தனர். துரத்தி வந்த படைக்கும் பெருகி வந்த ஆற்றுக்கும் இடையே அகப்பட்டபோது, அப்பெண் தன் காதணியைக் கழற்றிக் கங்கையை வேண்டி நீரில் இட்டாள் என்றும், வெள்ளம் வழிவிட்டது என்றும் கூறுவர். அவ்வாறு பாலாறு.

ஆறு பிளந்ததா என்பதை அன்பர் தம் அன்பின் அளவில் கொள்க. ஆற்றின் போக்கோ ஆராயத்தக்கது. பாலாறு தோன்றுவது நந்திமலைப் பகுதியில். ஓசூர் வழியே ஓடிவரும் தென்பெண்ணையும் அப்பகுதியிலேயே பிறக்கிறது. எழுவரும் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் இடம், நந்திமலைக்குக் கிழக்கே உள்ள இராமசுவாமி மலையடிவாரம். காஞ்சியிலிருந்து புறப்பட்டவர் பாலாற்றங்கரையைப் பிடித்து மேற்கே ஏறினால் சேரும் நாடு அதுவே. வண்டியும் மாடும் கொண்ட உழவர் நீரும் புல்லும் உள்ள வழியையன்றி வேறு எவ்வழியை நாடுவர்? சம்புவராயர் ஆட்சி வீழ்ந்து, குமார கம்பணன் படையெடுப்பால் தொண்டைமண்டலம் கலங்கியதும் அதே நூற்றாண்டில்தான். மணம் மறுத்த கதைக்குப் பின்னே அக்கலக்கமும் இருந்திருத்தல் கூடும்.

ரணபைரே கௌடன் ஆவதி என்னும் சிற்றூரில் தங்கினான். அவ்வேரிலிருந்து கிளைகள் பல எழுந்தன. தேவனஹள்ளி, சிக்கபள்ளாபுரம், தொட்டபள்ளாபுரம் ஆகிய பாளையங்களின் தலைவர் அவன் வழியினர். எலகங்கைக் கிளையில் ஜயகௌடன், கித்தே கௌடன், கெம்பநஞ்சே கௌடன் என நான்கு தலைமுறை எண்ணினால், 1537இல் பெங்களூர்க் கோட்டையை எடுப்பித்த முதலாம் கெம்பே கௌடன் வருவான். அவன் மரபினர் பின்னர் மாகடிக்குப் பெயர்ந்து, சாவனதுர்க்கத்தை 1728இல் மைசூராரிடம் இழந்தனர். தேவனஹள்ளி 1749இலும், சிக்கபள்ளாபுரம் 1762இலும் வீழ்ந்தன. ஆண்டவர் மறைந்தாலும் குடிகள் ஏர் பிடித்துக்கொண்டு நிலத்திலேயே நின்றன. 2022ஆம் ஆண்டு தேவனஹள்ளி அருகே வானூர்தி நிலையத்தில் கெம்பே கௌடனுக்கு 108 அடி உயரத் திருவுருவம் நிறுவப்பட்டது. அஃது அவன் மூதாதையின் ஆவதிக்கு மிக அண்மையில் அமைந்தது பொருத்தமே.

இனி ஓர் ஐயம். எழுவர் வருமுன்னரே முரசு நாடு என்னும் பெயர் இருந்தது எனின், அந்நாட்டில் ஏர் உழுத மக்களும் இருந்தனர் அன்றோ? அவர்கள் எங்குச் சென்றனர்? எங்கும் செல்லவில்லை என்பதே பொருந்தும். வந்தவரும் இருந்தவரும் கொண்டும் கொடுத்தும் ஒன்றாயினர். ஆட்சி பெற்ற கிளையின் கதை அனைவர்க்கும் கதையாயிற்று. ஆதலின் காஞ்சியிலிருந்து வந்தோம் என்று சொல்லும் குடும்பம் ஒவ்வொன்றும் காஞ்சியிலிருந்து வந்ததாகாது. வந்த எழுவரோ, பின்னர்ப் பிறந்த பல்லாயிரவர்க்கு முன்னோர் பலருள் சிலரே. மரபு பொய்யென்று இதனால் ஆகாது. ஒரு கிளையின் உண்மை மரம் முழுதுக்கும் ஏற்றப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

அக்கிளைகளைப் பிணைத்து வைத்தது எது? ஏடன்று, கோயில். இக்குடியினரின் தெய்வம் பைரவர். கோலார்ப் பக்கத்துச் சீதி மலையில் கோயில் கொண்டவர். எவ்வூரில் குடியேறினும் காதணி விழாவுக்கு முன் குலதெய்வத்துக்குப் பூசை இடும்போது பங்காளிகள் கூடினர். கூடிய இடத்தில் யார் எவர் வழி என்பது புலப்பட்டது. கன்னட நாட்டில் ஹெளவர் என்னும் மரபினர், அறுவடைக்குப் பின் எருதின்மேல் ஏறிவந்து, வீட்டு வாயிலில் நின்று அக்குடும்பத்தின் வழிமுறையைச் சொல்லி நெல்லும் கேழ்வரகும் பெறுவர்.

கோயில் காத்த இம்மரபில் சொல்லக் கூசும் ஒரு பகுதியும் உண்டு. வரம் பெற்ற அசுரன் சிவபெருமானையே துரத்த, பெருமான் வயலில் மறைந்தான் என்றும், அஞ்சிய உழவன் வாய் திறவாது விரலால் இடத்தைக் காட்டினான் என்றும், அவ்விரலைக் களைய முற்பட்டபோது உழவன் மனைவி, ஏர் பிடிக்கும் கை பழுதானால் குடும்பம் வாடுமென்று தன் விரல் இரண்டைக் கொடுத்தாள் என்றும் ஒரு கதை வழங்கிற்று. அதனைக் காரணமாக்கி, மகளின் காது குத்துமுன் தாயின் வலக்கை விரல் இரண்டின் நுனியைத் தறிக்கும் வழக்கம் இக்குடியின் ஒரு பிரிவினரிடம் 19ஆம் நூற்றாண்டுவரை இருந்தது. அரசு தடுத்தபின் அஃது ஒழிந்தது. சைவ நூலறிந்தோர் இதனை ஒருபோதும் ஒப்பார். கண்ணப்பர் இடந்து அப்பியது தம் கண். மூர்த்தி நாயனார் தேய்த்தது தம் முழங்கை. அன்பு தானே முந்திச் செய்தவை அவை. வழக்கம் பிறர் கையைப் பற்றி இழுத்துத் தறிப்பது தொண்டாகாது.

அத்துணைத் துன்பம் பொறுத்த தாயரில் ஒருவர் பெயரேனும் வமிசாவளியில் உண்டா? இல்லை. ஹெளவர் சொல்வதும் தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் ஆண் வழியே. யாருக்காகக் காஞ்சி துறக்கப்பட்டதோ அந்தப் பெண்ணின் வழி என்னாயிற்று என்று கேட்பாரும் இல்லை. முன்னோரைத் தேடுவோர் தாய் வழியை விட்டுவிட்டால் மரத்தின் பாதியை வெட்டிவிட்டே எண்ணுகின்றனர்.

கடல் கடந்தவர்க்கு இவ்வகையில் ஓர் உதவி நேர்ந்தது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் பெயரை, ஆணாயினும் பெண்ணாயினும், தந்தை பெயரும் சில்லாவும் கிராமமும் சேர்த்துக் கப்பல் பதிவேட்டில் எழுதினர். இரக்கத்தால் எழுதியதன்று, கணக்குக்காக எழுதியது. எனினும் இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் அப்பதிவைக் கையிற்கொண்டு ஊர் தேடி வருகின்றனர். நிலவழியே நூறு கல் நடந்து குடியேறியவர்க்கு அத்தகைய ஏடு இல்லை.

1970களிலிருந்து ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகின. தென்மாவட்டங்களினின்றும், கேரளத்தினின்றும், வடநாட்டினின்றும் வந்தோர் இங்கே வீடு கட்டி, பிள்ளைகளுக்கு மணம் முடித்து, குன்றின்மேல் பெருமானுக்குத் திருப்பணியும் செய்கின்றனர். பழங்கல்வெட்டுகள் கொடையாளனை இன்ன நாட்டு இன்ன ஊரினன், இன்னான் மகன் என்று குறித்தன; அதனால்தான் எண்ணூறு ஆண்டுக்குப் பின்னும் அவன் யாரென அறிய முடிகிறது. இக்காலச் சலவைக்கல்லில் பெயரும் தொகையுமே காண்கின்றன. திருப்பணிக்கு உதவும் அன்பர் தம் பெயருடன் முன்னோர் விட்டுவந்த ஊரையும், குலதெய்வத்தையும், தாய் பிறந்த ஊரையும் பொறிக்கக் கேட்டுக்கொள்ளலாம். கல்லில் இரண்டு வரியே மிகும்.