எடைத் தேக்கம்

கலோரிக் கணக்குப் பார்த்து உணவைக் குறைத்து எடை இறங்கி வந்த ஒருவருக்கு, அதே முறையைத் தொடர்ந்தும் மூன்று நான்கு வாரங்களாக எடையும் இடுப்புச் சுற்றளவும் அசையாமல் நிற்கும் நிலை எடைத் தேக்கம் எனப்படும். ஓரிரு நாள் எடை நிற்பதோ ஒரு கிலோ ஏறுவதோ தேக்கம் ஆகாது. உப்பு கூடுதல், மலச்சிக்கல், மாதவிடாய் போன்றவற்றால் எடை ஏறி இறங்குவது இயல்பு. தேக்கத்தை மனவுறுதிக் குறைவாகக் கருதுவது தவறு. உடலின் தேவை குறைந்திருக்கிறது அல்லது தட்டில் விழும் அளவு கூடியிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

பின்னணி

இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அளக்கும் பணி நீலகிரி மாவட்டம் குன்னூரில் வேர்விட்டது. ராபர்ட் மக்காரிசன் 1918-இல் அங்கு தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவு வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்திய உணவுகளின் சத்து அட்டவணை 1937-இல் குன்னூரில் இருந்தே வெளிவந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் (1918–2019) அவருடன் பணியாற்றியோரும் 1971-இல் அதை விரித்தெழுதினர். 528 உணவுப் பொருள்களைக் கொண்ட புதிய அட்டவணை 2017-இல் வந்தது. பசியும் சத்துக்குறைவும் வாட்டிய காலத்தில், மக்களுக்கு எவ்வளவு உணவு போதும் என்று அறியவே இந்த ஆய்வுகள் பிறந்தன. இன்று எடை குறைப்போரும் அவற்றையே நம்புகின்றனர்.

காரணங்கள்

முதல் ஓரிரு வாரங்களில் எடை வேகமாக இறங்கும். ஈரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரை கரைவதும், அதோடு சேர்ந்திருந்த நீர் வெளியேறுவதும் இதற்குப் பெருங்காரணம். அந்த வேகம் நீடிப்பதில்லை.

எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிலோகலோரி வரை செலவு சுருங்குவதாக அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடன் பணியாற்றியோரும் கணித்தனர். பசி அதைவிட வேகமாகக் கூடுகிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 100 கிலோகலோரி அதிகம் உண்ணத் தூண்டுகிறது. 80 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு வந்தவரின் அன்றாடச் செலவு 160 முதல் 240 வரை குறைந்திருக்கும். 500 கிலோகலோரி பற்றாக்குறையுடன் தொடங்கியிருந்தால், அதில் பாதி வரை இப்படியே போய்விடுகிறது. மீதியைக் கணக்கில் ஏறாத உணவு நிரப்பிவிடுகிறது.

எழுதும் கணக்கு எவ்வளவு பிசகும் என்பதை 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. குறைவாக உண்டும் எடை இறங்கவில்லை என்றவர்கள், தாம் உண்டதை சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணளவுக்கு அவ்வளவு பிழை உண்டு.

திருமானூர் வட்டாரச் சமையலில்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமானூர் நெல் விளையும் வட்டாரம். சோறே முதன்மை உணவு. கணக்கும் சோற்றில்தான் முதலில் தவறும். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கிலோகலோரி. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130. அரிசியை நிறுத்துவிட்டுச் சோற்றின் மதிப்பை எழுதினால் 220 கிலோகலோரி கணக்கில் விடுபடும்.

பெரிய குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தனியாக உலை வைக்க முடியாது. மொத்த அரிசியை உலையில் போடுமுன் நிறுத்து, வடித்தபின் மொத்தச் சோற்றையும் நிறுக்கலாம். 500 கிராம் அரிசி 1,350 கிராம் சோறானால், தட்டிலுள்ள 270 கிராம் சோறு 100 கிராம் அரிசிக்குச் சமம். பழைய சோற்றில் நீர் சேர்ந்திருப்பதால் அதன் எடையை நம்பக் கூடாது. நீர் ஊற்றுமுன் நிறுக்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். 5 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டி 45 கிலோகலோரி. தாளிப்பு, தோசைக்கல், பொரியல் என மூன்று இடங்களில் கண்ணளவாக ஊற்றினால் 200 எளிதில் தாண்டும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், ஏறத்தாழ 160. நாளுக்கு நான்கு டீயில் டம்ளருக்கு இரு தேக்கரண்டி சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டும் 160.

கையாளும் முறை

உணவை மேலும் குறைக்குமுன் இரண்டு வாரம் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுத வேண்டும். எடையைக் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து வாரச் சராசரியை ஒப்பிட வேண்டும். இடுப்பையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது தெற்காசியர்க்கான எல்லை.

கணக்கு சரியாக இருந்தும் எடை நின்றால், புதிய எடைக்கு ஏற்பத் தேவையைத் திரும்பக் கணக்கிட்டு 100 முதல் 200 வரை குறைக்கலாம். சோற்றில் ஒரு பங்கைக் கீரை, காய், சுண்டல், முட்டை, மீன், மோர் ஆகியவற்றுக்கு மாற்றினால் பசி அடங்கும். வாரம் 150 நிமிட வேக நடையும், இரு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. நடவும் களையெடுப்பும் இல்லாத மாதங்களில் வயலுழைப்பு நின்றுபோவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில வாரங்கள் எடையை இருக்கும் இடத்திலேயே காத்து, பின்னர் தொடர்வதும் ஏற்ற வழியே. இறங்கிய எடை ஏறாமல் இருப்பதே பெரிய பலன்.

எச்சரிக்கை

இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடைக்குறைப்பில் இறங்கக் கூடாது. காரணமின்றி எடை கூடுதல், கடும் சோர்வு, மாதவிடாய் தவறுதல் இருந்தால் தைராய்டு உள்ளிட்ட பரிசோதனைகள் வேண்டும். நாளுக்கு 800 கிலோகலோரிக்கும் குறைந்த உணவு மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே தரத்தக்கது. திருமானூர் வட்டாரத்தினர் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையும், 2022-இல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியையும் அணுகலாம். எடை நின்றுவிட்டதென்று பட்டினி கிடக்க வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள், பிறகு மருத்துவரைக் கேளுங்கள்.